சிறந்த கோல்ஃப் கேடி யார், அவரை உருவாக்க ஒரு கிளப் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் கோல்ஃப் கிளப்பில், ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடக்கும் கேடிகளைப் பற்றி நிறையப் புகார். ஏற்பாட்டைச் சீர்செய்ய ஒரு குழு போட்டு என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். மிகச் சிறந்த கேடி என்று யாரைச் சொல்லலாம்? கிளப்பின் கேடி திட்டம் எப்படி இருக்க வேண்டும்? பேசாமல் எல்லாருக்கும் கார்ட் (மைதானத்தில் ஓட்டிச்செல்லும் சிறு வண்டி) கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்:

கார்ட் விஷயத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் பேசி முடித்தால் அதற்கான பதிலும் தெரிந்துவிடும்.

பையைத் தூக்கிக்கொண்டு நடக்க உடம்பில் தெம்பிருந்தால் போதும். ஆடுபவர் கண்ணுக்குப் படாத ஓர் உண்மையை, அவர் காதில் ஏறும் நேரம் பார்த்து, நாலு வார்த்தையில் சொல்லத் தெரிந்தவர்தான் சிறந்த கேடி. அப்படிச் சொல்ல அறிவு மட்டும் போதாது, துணிவும் வேண்டும். கிளப் அவரை எப்படி நடத்துகிறது, கூலியை எப்படித் தருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் துணிவு வரும். அதனால் உங்கள் முதல் இரண்டு கேள்விகளையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன்.

அடிப்படை வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் உலகில் புதுக் கேடிக்குச் சொல்லப்படும் கட்டளைகள் மூன்றே: நேரத்துக்கு வா, பின்தங்காமல் நட, வாயை மூடிக்கொண்டிரு. முதல் சில மாதங்களுக்கு இது சரியான பாடம்தான். முதல் டீயிலேயே (டீ என்பது ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) பையிலுள்ள மட்டைகளை எண்ண வேண்டும், 14க்கு மேல் இருக்கக் கூடாது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2001 பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாளன்று ராயல் லிதம் மைதானத்தில் இயான் வூஸ்னம் முன்னணியில் இருந்தார். முதல் குழியிலேயே பேர்டி, அதாவது அந்தக் குழிக்கு வைத்த கணக்கைவிட ஒரு ஸ்ட்ரோக் (அடி) குறைவு. இரண்டாவது டீக்கு வந்தபோதுதான், பையில் இரண்டு டிரைவர்கள் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) இருப்பதையும் மொத்தம் 15 மட்டைகள் ஆகிவிட்டதையும் கேடி பார்த்துச் சொன்னார். இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. வூஸ்னம் அன்று மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அப்புறம், பந்து விழும் இடத்தைப் பார்ப்பது. பந்து பறக்கும்போது எல்லாரும்தான் பார்க்கிறார்கள். நல்ல கேடி அது விழுந்த இடத்துக்கு நேரே ஒரு மரத்தையோ புதரையோ குறி வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அந்தக் கோட்டிலேயே நடப்பார். பங்கரில் (மணல் பள்ளத்தில்) இறங்கும்போது உயரமான விளிம்பைச் சரித்துவிடாமல் தாழ்ந்த பக்கமாக இறங்கி, தன் காலடித் தடத்தையும் சேர்த்து வாரிக்கொண்டே வெளியே வருவார். துண்டில் பாதியை நனைத்து வைத்துக்கொள்வார், மீதிப் பாதி உலர்ந்திருக்கும். யாராவது பட் அடிக்கும்போது, அதாவது பந்தைக் குழியை நோக்கி உருட்டும்போது, மட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்வார். கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதானால் முன்பே லேசாக அசைத்துத் தளர்த்தி வைப்பார். பந்து உருண்டு வரும் நேரத்தில் கம்பு குழிக்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தால் அந்தச் சங்கடத்துக்கு ஈடே இல்லை.

க்ரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்தான் ஒரு கேடியின் உண்மையான படிப்பு தெரியும். நம் ஊர் மாதிரி வெயில் அடிக்கும் இடங்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல்தான். அந்தப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளவென்று வெளுப்பாகத் தெரிந்தால் அது நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து இழுபடும். வெளிச்சம் மங்கி அது தெளிவாகத் தெரியாதபோது, தேர்ந்த கேடி குழியருகே போய் விளிம்பைக் குனிந்து பார்ப்பார். ஒரு பக்கம் கத்தியால் அறுத்ததுபோல் சீராக இருக்கும், எதிர்ப்பக்கம் பிசிறு பிசிறாக, சற்றுக் காய்ந்து பழுப்பாக இருக்கும். புல் அந்தப் பிசிறு இருக்கும் பக்கம் நோக்கித்தான் வளர்கிறது. கேடி எழுந்து வந்து, "வலது ஓரம் சார், கொஞ்சம் மெதுவா இருக்கும்" என்று மட்டும் சொல்வார். பார்த்ததையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். பட் அடிக்கப்போகிறவரின் மனத்தில் ஒரு கோடும் ஒரு வேகமும் இருந்தால் போதும்.

இதுவரை சொன்னது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். இனிமேல் வருவது கடினம். உறுப்பினர் ஒருவர் ஏழாம் நம்பர் அயர்னில் (இரும்பு மட்டை, நம்பர் குறையக் குறையத் தூரம் கூடும்) 150 யார்டு அடிப்பேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு குழி கூட நடந்த கேடிக்கு அது 135ஐத் தாண்டாது என்று தெரிந்துவிடுகிறது. கொடி 148இல் இருக்கிறது, முன்னால் தண்ணீர். என்ன சொல்வது? "உங்களால முடியாது" என்றால் ஆட்டமே கெட்டுவிடும். ஒன்றும் பேசாமல் ஏழை எடுத்துக் கொடுத்தால் பந்து தண்ணீரில். விவரமான கேடி, "காத்து எதுக்க வருது சார், தண்ணியைத் தாண்டணும். அஞ்சை எடுத்து நிதானமா அடிங்க" என்பார். சொல்வது உண்மை, ஆனால் அவருடைய கௌரவத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கேடியின் முழுத் திறமையும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்பேன்.

பெரிய போட்டிகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் அகஸ்டா கிளப்பில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய போட்டி மாஸ்டர்ஸ். 1995 மாஸ்டர்ஸுக்குச் சில நாள் முன்பு ஆட்டக்காரர் பென் கிரென்ஷாவின் குரு ஹார்வி பெனிக் இறந்துபோனார். கிரென்ஷா இறுதிச் சடங்குக்குப் போய்ச் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்துவிட்டு அகஸ்டாவுக்கு வந்தார். ஆட்டமும் அப்போது அவருக்குச் சரியாக இல்லை. அகஸ்டாவின் உள்ளூர்க் கேடி கார்ல் ஜாக்சன் அவர் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார்: பந்தை நிற்குமிடத்தில் சற்றுப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், தோளை இன்னும் இறுக்கமாகத் திருப்புங்கள். அந்த வாரம் கிரென்ஷா மாஸ்டர்ஸை இரண்டாம் முறையாக வென்றார், வயது 43. ஜாக்சன் மொத்தம் 54 மாஸ்டர்ஸ் போட்டிகளில் கேடியாக நடந்தவர். அந்த அனுபவமுள்ள ஒருவர் சொன்னதால்தான் கிரென்ஷா தயங்காமல் கேட்டுக்கொண்டார்.

சொன்ன பிறகு விட்டுக்கொடுக்கவும் தெரிய வேண்டும். 2010 மாஸ்டர்ஸின் கடைசி நாள், 13வது குழி. ஃபில் மிக்கெல்சனின் பந்து மரங்களுக்கு நடுவே உதிர்ந்த பைன் இலைகளின் மேல் கிடந்தது. க்ரீனுக்கு 200 யார்டுக்கு மேல், முன்னால் ஓடை. பாதுகாப்பாக முன்னால் போட்டுவிடலாமே என்று கேடி ஜிம் மெக்காய் சொல்லிப் பார்த்தார். மிக்கெல்சன் கேட்கவில்லை. முடிவு அவருடையது என்று ஆனதும் மெக்காய் ஒதுங்கிக்கொண்டார். ஆறாம் நம்பர் அயர்னால் அடித்த பந்து மரங்களுக்கு இடையே போய்க் கொடிக்கு அருகில் நின்றது. அன்று மிக்கெல்சன்தான் பட்டம் வென்றார். பந்து ஓடையில் விழுந்திருந்தாலும் மெக்காய் நடந்துகொண்ட விதம் சரிதான் என்பேன். ஆடுபவர் முடிவெடுத்து நின்ற பிறகு அவர் மனத்தில் சந்தேகத்தைக் கிளப்புவதைப்போல் கெடுதல் வேறில்லை.

சரி, இப்போது உங்கள் கிளப்புக்கு வருவோம். உங்கள் கேடிகள் உறுப்பினரிடம் இப்படி உண்மையைச் சொல்கிறார்களா? பல கிளப்புகளில் நான் கேட்பது, பந்து எங்கே போனாலும் "குட் ஷாட் சார்" என்ற ஒரே வசனம்தான். அவர்களுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. அன்றைய வருமானத்தில் பெரும்பங்கு அந்த உறுப்பினரின் டிப்ஸாக இருந்தால், நாளைக்கு வேலை கிடைப்பது அவருடைய மனநிலையைப் பொறுத்ததாக இருந்தால், எந்த மனிதர் வாயைத் திறப்பார்? தன்னைவிட இருபது வயது மூத்த கேடியை ஒரு உறுப்பினர் "டேய்" என்று கூப்பிடுகிறார் என்றால், அந்த உறுப்பினருக்கு எந்தக் காலத்திலும் சரியான யோசனை கிடைக்கப்போவதில்லை. கேடியைப் பெயர் சொல்லி, வாங்க போங்க என்று பேசுவதை ஒரு விதியாகவே எழுதி வையுங்கள். மீறினால் அந்த உறுப்பினருக்கு இத்தனை வாரம் கேடி கிடையாது என்றும் எழுதி வையுங்கள். நான் பார்த்தவரை, ஒரே ஒரு முறை அதை நிஜமாக அமல்படுத்தினாலே கிளப்பின் பேச்சுவழக்கு மாறிவிடும்.

கூலி அடுத்தது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு, இரண்டு பை தூக்கினால் எவ்வளவு, பாதியில் மழை வந்து நின்றால் எவ்வளவு என்பதைப் பலகையில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். டிப்ஸ் அதற்கு மேலே கிடைக்கும் சந்தோஷமாக இருக்கட்டும், அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்ற நிலை கூடாது. 2018 நவம்பரில் மெக்சிகோவில் நடந்த மயகோபா போட்டியில் மேட் கூச்சர் ஓர் உள்ளூர்க் கேடியுடன் ஆடி ஜெயித்து, ஏறக்குறைய 13 லட்சம் டாலர் பரிசு பெற்றார். கேடிக்குக் கொடுத்தது 5,000 டாலர். தொழில்முறைப் போட்டிகளில் நடக்கும் டூர் கேடிகளுக்கு வெற்றி என்றால் பரிசில் 10 சதவீதம் என்பது வழக்கம். விஷயம் வெளியே வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதை 50,000 ஆக்கிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். இருவரும் ஆட்டத்துக்கு முன்பே ஏதோ பேசிக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பக்கம் கோடீஸ்வரர், இன்னொரு பக்கம் தினக்கூலி என்று நிற்கும்போது அந்தப் பேரத்தை அவர்கள் இருவரிடமே விடக் கூடாது. கூலியைக் கிளப்தான் நிர்ணயிக்க வேண்டும்.

யாருக்கு எந்தக் கேடி என்று பிரித்துக்கொடுப்பதுதான் தினசரிச் சண்டைக்கெல்லாம் மூலம். வந்த வரிசைப்படி முறை வைத்து அனுப்புவதுதான் நியாயம். உறுப்பினர்கள் தங்களுக்குப் பிடித்த கேடியைக் கேட்பதையும் முழுக்கத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. வருடக்கணக்காகக் கூட நடந்த இருவருக்குள் வரும் புரிதல் மதிப்புள்ளது. முன்பதிவு செய்தால் குறிப்பிட்ட கேடி, மற்றவர்களுக்கு முறைப்படி என்று வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் நடத்த நல்ல கேடி மாஸ்டர் ஒருவர் வேண்டும். காலையில் சீட்டு கிழித்துக் கொடுப்பவராக மட்டும் அவர் இருந்தால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். அவரும் கேடியாக நடந்தவராக, எல்லாருடைய குடும்ப நிலவரமும் தெரிந்தவராக, உறுப்பினர் கத்தினால் கேடி பக்கம் நின்று பேசக்கூடியவராக இருக்க வேண்டும். குழுவில் நீங்கள் எடுக்கும் முடிவுகளிலேயே முக்கியமானது இவரைத் தேர்ந்தெடுப்பதுதான்.

பயிற்சியை வகுப்பறையில் ஆரம்பிக்காதீர்கள். புதியவரை ஒரு மூத்த கேடியோடு சில சுற்றுகள் வெறுமனே நடக்க விடுங்கள், மூத்தவருக்கு அதற்குத் தனிக் கூலி கொடுங்கள். அப்புறம் விதிகள். 2019இல் விதிகள் திருத்தப்பட்டதிலிருந்து, ஆடுபவர் நிலை எடுக்க ஆரம்பித்த பிறகு கேடி வேண்டுமென்றே பந்துக்கு நேர் பின்னால், ஆட்டத்தின் கோட்டில் நிற்கக் கூடாது. நிலையை விட்டு விலகாமல் அப்படியே அடித்துவிட்டால் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. நம் கிளப்புகளில் இன்னும் நிறையப் பேர் பழக்கத்தில் அங்கேதான் நிற்கிறார்கள். அதே திருத்தத்தில், க்ரீனில் ஆடுபவரைக் கேட்காமலே பந்துக்கு அடையாளம் வைத்து எடுக்கக் கேடிக்கு அனுமதி கிடைத்தது. அதில் தவறு செய்தால் தண்டனை ஆடுபவருக்கு. இவற்றைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். அமெரிக்கக் கிளப்புகளில் கேடிகளைத் தரம் பிரித்து, தரம் உயர உயரக் கூலியும் உயரும்படி வைத்திருப்பார்கள். அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், எந்தத் தகுதிக்கு எந்தத் தரம் என்பது வெளிப்படையாக இருக்கும் வரையில்.

அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற கேடி திட்டம் எவன்ஸ் உதவித்தொகை. சிக் எவன்ஸ் சிறுவயதில் சிகாகோவில் கேடியாக இருந்தவர், 1916இல் யுஎஸ் ஓப்பன், யுஎஸ் அமெச்சூர் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராக மாறாமல், கோல்ஃப் மூலம் வந்த பணத்தைத் தன் தாயின் யோசனைப்படி கேடிகளின் படிப்புக்கென ஒதுக்கினார். 1930இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களோடு ஆரம்பித்தது, இன்று வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷன் நடத்துகிறது. இதுவரை 12,000 பேருக்கு மேல் கல்லூரி முடித்திருக்கிறார்கள். கல்விக் கட்டணமும் தங்குமிடமும் முழுக்க இலவசம். கேடியாக நல்ல பெயர், நல்ல மதிப்பெண், குடும்பத்தின் பணத்தேவை, நன்னடத்தை ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. கிளப் உறுப்பினர்களே ஆண்டுதோறும் நன்கொடை தந்து இதைத் தாங்குகிறார்கள், தம் பையைத் தூக்கிய பிள்ளை டாக்டரானதையும் வக்கீலானதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் அங்கே கேடி என்பவர் பெரும்பாலும் கோடை விடுமுறையில் வேலைக்கு வரும் பள்ளி மாணவர். இங்கே கேடி என்பவர் குடும்பத்தைக் காப்பாற்றும் பெரியவர். பள்ளிப் பிள்ளைகளை இந்த வேலைக்குக் கூட்டி வரும் யோசனை உங்கள் குழுவில் எழுந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். இங்கே அது படிப்புக்கு ஏணியாகாது, படிப்பைப் பாதியில் நிறுத்தும் வழியாகத்தான் முடியும். 18 வயது நிரம்பியவரை மட்டும் சேருங்கள். எவன்ஸ் திட்டத்தின் பலனை இங்கே கேடியின் பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்கள். பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம் என்று ஒரு நிதியைத் தொடங்கி, ஒவ்வொரு போட்டியின் நுழைவுக் கட்டணத்திலும் ஒரு பங்கை அதில் போடுங்கள். கேடிக்கு விபத்துக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் எடுங்கள். 2020 ஊரடங்கில் மைதானங்கள் மூடியபோது எத்தனையோ கேடிகளுக்கு ஒரு ரூபாய் வருமானம் இல்லாமல் போனது. பல இடங்களில் உறுப்பினர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள், நல்ல மனசுதான். ஆனால் முன்பே நிதி இருந்திருந்தால் யாரும் யாரிடமும் கையேந்தியிருக்க வேண்டாம்.

கேடிகள் ஆடுவதற்கு மைதானத்தைத் திறந்து விடுங்கள் என்பதையும் அழுத்தமாகச் சொல்வேன். உறுப்பினர்கள் வராத திங்கட்கிழமையைக் கேடிகளுக்கு விடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தானே ஆடாதவருக்கு, 15 யார்டு எதிர்க்காற்று மட்டையில் எப்படித் தெரியும் என்பது புரியாது. அதோடு, இந்தப் பக்கத்து கோல்ஃபின் பெரிய பெயர்களில் பல கேடி கொட்டகையிலிருந்து வந்தவை. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதைச் சாதித்த முதல் ஆள் அவர்தான். 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக ஆரம்பித்த முனியப்பா 2009இல் அதே கோப்பையைத் தூக்கினார். டாக்காவின் குர்மிடோலா கிளப்பில் பந்து பொறுக்கி, பை தூக்கி வளர்ந்த சித்திகுர் ரஹ்மான் 2013இல் வென்றார். ஆட இடம் கிடைத்ததால்தான் இது நடந்தது.

கிளப் தன் கேடிகளை இழந்தால் எதை இழக்கிறது என்பதற்கும் அகஸ்டாவே சாட்சி. 1982 வரை மாஸ்டர்ஸில் எல்லா ஆட்டக்காரர்களும் கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லாருமே கறுப்பினத்தவர், பலர் பக்கத்திலிருந்த சாண்ட் ஹில்ஸ் பகுதிக்காரர்கள். அந்த க்ரீன்களின் சாய்வுகளைச் சிறுவயதிலிருந்து பார்த்து, மூத்தவரிடமிருந்து இளையவருக்கு என்று கற்றுக்கொண்டவர்கள். 1983இலிருந்து சொந்தக் கேடியைக் கொண்டுவரலாம் என்றானதும் அவர்களில் பெரும்பாலோருக்குப் போட்டி வாரத்தின் வேலை போய்விட்டது. கிரென்ஷா போன்ற சிலர்தான் பழைய துணையை விடவில்லை. ஆட்டக்காரர்கள் தமக்குப் பழகிய ஆளைக் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஒரு தலைமுறையின் மண்ணறிவு சிதறிப்போனது பெரிய இழப்பு. உங்கள் மைதானத்திலும் அப்படி நாலு மூத்தவர்கள் இருப்பார்கள். எந்தக் குழியில் மழைக்குப் பின் பந்து எப்படி நிற்கும், எந்த க்ரீன் கண்ணுக்கு ஒரு பக்கம் சாய்வாகத் தெரிந்து பந்தை மறுபக்கம் கொண்டுபோகும் என்பதெல்லாம் அவர்களிடம் மட்டும் இருக்கும். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் அவர்களைப் பயிற்சியாளர்களாக்கிச் சம்பளம் கொடுங்கள்.

சின்ன வசதிகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நிழலான கொட்டகை, குடிநீர், சுத்தமான கழிப்பறை, மலிவு விலையில் சாப்பாடு இவை இல்லாமல் திட்டம் என்று பேசுவதே தவறு. இடி மின்னலுக்குச் சைரன் அடித்தால் கேடிகளும் உள்ளே வந்து ஒதுங்க இடம் இருக்க வேண்டும், மரத்தடியில் பையோடு நிற்க விடக் கூடாது. பெண்களையும் சேருங்கள். தாய்லாந்தில் கேடிகளில் பெரும்பாலோர் பெண்கள்தான், ஜப்பானிலும் அது பழகிப்போன காட்சி. உங்கள் கொட்டகையில் பெண்களுக்குத் தனி அறை கட்டிவிட்டு அப்புறம் அறிவிப்பு கொடுங்கள்.

இப்போது கார்ட். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எலெக்ட்ரிக் கார்ட் பரவியதும், வாடகை வருமானத்தைப் பார்த்த கிளப்புகள் கேடிகளைக் கைவிட்டன. பல இடங்களில் கேடி கொட்டகைகளே இல்லாமல் போயின. பிறகு நடந்து ஆடுவதன் அருமை தெரிந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. ஓரெகனில் 1999இல் திறந்த பாண்டன் டூன்ஸில் உடல்நலக் காரணம் இருந்தால் ஒழிய கார்ட் கிடையாது. எல்லாரும் நடந்துதான் ஆடுகிறார்கள், கேடிகளுக்கு நல்ல வேலையும் இருக்கிறது. நடந்து ஆட முடியாத மூத்த உறுப்பினர்களுக்குக் கார்ட் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவர்களோடு ஒரு கேடியை முன்னால் அனுப்புங்கள். வட இந்தியக் கிளப்புகளில் ஆகேவாலா என்பார்களே, பந்து விழும் இடத்தில் போய் நிற்பவர், அவர்தான். கார்டுக்கு வாங்கும் வாடகையில் ஒரு பங்கைக் கேடி நிதிக்கு என்று முதல் நாளே தீர்மானம் போட்டுவிட்டால், கார்ட் கூடக் கூடக் கேடிக்குப் பட்டினி என்ற நிலை வராது. காலை முதல் டீ நேரத்திலிருந்து பத்து மணி வரை நடந்து, கேடியோடு மட்டும்தான் ஆடலாம் என்று ஒரு விதியும் போடுங்கள். வேகமான நேரம் அது, வெயிலும் ஏறியிருக்காது.

உங்கள் குழு முதல் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டாம். இந்த மாதம் கூலிப் பலகையை மாட்டுங்கள், கேடி மாஸ்டரைத் தேர்ந்தெடுங்கள், காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கேடிகள் தரப்பிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, புகார்ப் பட்டியலை அவர்கள் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சி எப்போது, யார் நடத்துவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.